ஐந்து காயமும் ஒரு குட் மார்னிங்கும்

போன வாரம் என் மகள் லேப்டாப்பில் எதையோ தட்டினாள். சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த என் காதில், "குட் மார்னிங், அட்மிரல்!" என்று ஒரு வெள்ளைக்காரக் குரல் விழுந்தது. மாவுக் கையோடு கூடத்துக்கு ஓடினேன். குளியலறையிலிருந்து என் கணவர் தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக ஓடிவந்தார். "இன்னா ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்றாள் மகள். டாஸ் காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டுகளையெல்லாம் யாரோ இணையத்தில் போட்டுவைத்திருக்கிறார்களாம். பிளாப்பி வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஒரே ஒரு க்ளிக், இரண்டு விநாடியில் பேசிவிட்டது.

இரண்டு விநாடி! அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாகக் கொடுத்தோம். என் கல்யாணமே அந்தக் குரலை நம்பித்தான் இருந்தது என்றேன். மகள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நீங்களாவது நம்புங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்மண்டபத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலை. சென்டர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று கம்ப்யூட்டர், நான்கு நாற்காலி, தலைக்கு மேலே லாரி மாதிரி இரைகிற ஒரு ஃபேன். துறைமுகத்துக் கரித்தூளும் உப்புக் காற்றும் மிஷினைத் தின்றுவிடும் என்று ஜன்னல்களை இறுக மூடிக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கம்ப்யூட்டர் வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டுதான் வருமா என்று ஒரு மாணவர் கேட்டபோது நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவர்களைவிட இரண்டு பாடம் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

மாடிப்படியில் எப்போதும் ஈயம் பற்றவைக்கிற வாசனை வரும். கீழே ஸ்டீபன் மாமாவின் மைக் செட் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். அவர் என் அப்பாவின் உயிர்த் தோஸ்து. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பேசின் பிரிட்ஜ் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். நைனாவுக்குக் குடிகாரனைக்கூடப் பிடித்துவிடும், பீலா விடுகிறவனை மட்டும் கண்ணில் காட்டக் கூடாது.

அந்த நைனாவிடம்தான், அடுத்த தெரு அமல்ராஜ் தன் அம்மாவோடு என்னைப் பெண் கேட்டு வந்தார். கப்பலில் வேலை, லீவில் வந்திருந்தார். தட்டிலிருந்து முறுக்கை எடுத்தவர், கடித்தால் சத்தம் வருமே என்று பயந்து வாயிலேயே ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவிடுக்கில் அதைப் பார்த்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும், பயங்கரமாகப் பிடித்துப்போயிற்று. முறுக்கு ஊறி உள்ளே இறங்கியதும்தான் வினை ஆரம்பித்தது. பயத்தில் அவர் பேசத் தொடங்கினார்.

"கப்பல்ல செகண்ட் ஆபீசர் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் கீது அங்கிள். கேமைப் போட்டா நம்மகிட்ட பேசுது. குட் மார்னிங்னு சொல்லுது."

நைனா டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர்கள் படியிறங்கும்வரை பொறுத்திருந்து வெடித்தார். "இத்தினி வருசமா இன்ஜினோட மாரடிச்சிகினு கீறேன். ஒரு நாளாவது எனக்கு குட் மார்னிங் சொல்லிச்சா? வாயத் தொறந்தா பீலா. இவனுக்குப் பொண்ணு குடுத்தா நாளைக்கு எந்த ஊர்ல எத்தினி குடும்பம் வெச்சிகினு கீறானோ!"

எனக்கு அழுகை முட்டியது. "பேசும் நைனா. அதுக்குன்னு தனியா ஒரு கார்டு கீது. நான் புக்குல படிச்சிருக்கேன்."

"அப்போ பேசட்டும். மொதல்ல கம்ப்யூட்டர் பேசட்டும், அப்பால நாம பேசிக்கலாம்."

செவ்வாய்க்கிழமை அமல் கப்பலேற வேண்டும். போனால் திரும்ப ஒன்பது மாதம். அதற்குள் எண்ணூரிலிருந்து இன்னொரு வரன் வந்து வரிசையில் நின்றிருந்தது, பவர் ஹவுஸில் வேலையாம். எனக்கிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்டர் சார் ஊருக்குப் போயிருந்தார், சாவி என்னிடம் இருந்தது. அவரிடம் அனுமதி வாங்கினாயா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பூசை முடிந்ததும் அமல் ஒரு பையோடு வந்தார். அதில் சிங்கப்பூரில் வாங்கிய சவுண்டு கார்டும், எட்டு பிளாப்பியில் அந்தக் கடற்படை விளையாட்டும் இருந்தன. வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது, குதிரை வாங்கும் முன்னே லாடம் வாங்கிய மனிதர். கார்டோடு வந்த புத்தகத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டார். பையில் தைலப் பாட்டில் ஒன்று கசிந்து எட்டு பிளாப்பியும் தலைவலி மருந்து வாசனை அடித்தது. இன்றைக்கும் யாராவது தைலம் தேய்த்தால் எனக்கு அந்த எட்டு பிளாப்பிதான் ஞாபகம் வரும்.

வயசுப் பெண்ணும் பையனும் தனியாக இருக்கக் கூடாதென்று நைனா ஸ்டீபன் மாமாவைக் காவலுக்கு அனுப்பியிருந்தார். அன்று மாலை மாதா கோயிலில் கொடியேற்றம். தெரு நெடுக ஸ்பீக்கர் கட்டி முடித்த களைப்போடு வந்த மாமா, கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் தலைக்கும் நடுவில் தன் தலையை நுழைத்துவிட்டார். காவலுக்குக் காவலும் ஆயிற்று.

கார்டைச் செருகினேன். பிளாப்பி ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று. கிர்ர், கிர்ர் என்று உளுந்து அரைக்கிற சத்தம். எட்டும் முடிய முக்கால் மணி நேரம். விளையாட்டைக் கூப்பிட்டால், மெமரி போதாது என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் எவ்வளவு மெமரி இருந்தாலும், அந்தக் கால விளையாட்டுகள் முதல் அறுநூற்று நாற்பது கே-யில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கும். மவுஸும் மற்ற சில்லறை புரோகிராம்களும் அங்கே முன்கூட்டியே வந்து சப்பணமிட்டிருக்கும். எங்கள் வீடும் ஒற்றை அறைதான். விருந்தாளி வந்தால் அம்மா பாய், தலையணை, தையல் மிஷின் எல்லாவற்றையும் பரணில் ஏற்றி இடம் பண்ணுவாள். நானும் அதையே செய்தேன். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது படிக்கிற ஃபைலைத் திறந்து, முடிந்தவற்றை மேலே ஏற்றினேன், மற்றவற்றை வெளியே தள்ளினேன். நாலாவது முறை திரையில் கப்பல் வந்தது, கொடி பறந்தது, அட்மிரலின் மீசை தெரிந்தது. மீசைக்குக் கீழே வாய் அசைந்தது. சத்தம்தான் இல்லை.

"சவுண்டா? அத்த என்கிட்ட உடு," என்று ஸ்டீபன் மாமா கையை மடித்துக்கொண்டார். கார்டின் பின்னால் இருந்த ஓட்டையில் ஒரு பின்னைச் செருகி, வயரைப் படிக்கட்டு வழியாக இறக்கிக் கடையில் இருந்த ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துவிட்டு வந்தார். "கீய ஸ்பீக்கர் பாக்ஸ் கீது. பேசினா இங்க வரைக்கும் கேக்கும்."

இனிமேல்தான் பரீட்சை. கார்டு எந்த நம்பர் வழியாகக் கம்ப்யூட்டரைக் கூப்பிடும் என்று விளையாட்டு எங்களையே கேட்டது. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு. சரியான நம்பர் சொன்னால் பேச்சு வரும், தப்பென்றால் மிஷின் விறைத்துவிடும், அணைத்துப் போட வேண்டும். கப்பலில் கிடக்கிற புத்தகத்தில் அது இருந்திருக்கும். எங்களிடம் இருந்ததோ ஸ்டீபன் மாமா சின்ன வயதில் கோயிலில் மனப்பாடம் செய்த ஞானோபதேசம்தான்.

"ஏயு போடு. ஏயு அருட்சாதனம்."

ஏழு போட்டேன். மிஷின் விறைத்தது. வெளியே எங்கோ "குட்குட்குட்குட்" என்று விடாமல் ஒரு சத்தம்.

"கோயி தப்பிச்சிகினு போவுது," என்றார் மாமா. ஞாயிற்றுக்கிழமையில் கல்மண்டபத்துக் கோழிகளுக்கு அது வழக்கம்தான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. மிஷினை அணைத்தேன், சத்தமும் நின்றது.

"மூணு. பிதா, சுதன், பரிசுத்த ஆவி."

மூன்றும் விறைத்தது. மறுபடியும் குட்குட்குட். "புட்ச்சிட்டானுங்கனு பாத்தா இன்னும் தொரத்திகினு கீறானுங்க," என்று அலுத்துக்கொண்டார் மாமா. சத்தம் போதவில்லையோ என்று கீழே போய் ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகிவிட்டு வந்தார். "ரெண்டு போடு. ஒரு ஆணு, ஒரு பொண்ணு. கல்யாண நம்பரு."

கல்யாண நம்பரும் கைவிட்டது. இந்த முறை கோழி பெரிய கோழியாக இருந்தது.

மிச்சம் இருந்தது ஐந்து. மாமா என் கையைப் பிடித்துவிட்டார். "அஞ்சு வோணாம். சிலுவைல ஆண்டவருக்குப் பட்ட அஞ்சு காயம். நல்ல காரியத்துல காயத்த இயுக்காத."

அமல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "வுட்டுருங்க. எண்ணூர்க்காரு நல்லவராத்தான் இருப்பாரு."

எனக்கு வந்ததே கோபம்! முறுக்கை ஊறவைத்துத் தின்றவரை எண்ணூருக்கு விட்டுக்கொடுக்கவா ஒரு நாள் முழுக்கத் தூசியில் கிடந்தேன்? "காயமோ கத்தியோ, அஞ்சு போடறேன் மாமா." அவர் சிலுவை போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஐந்தைத் தட்டினேன்.

"குட் மார்னிங், அட்மிரல்!"

குரல் கீழேயிருந்து வரவில்லை. கறுப்புத் தாள் ஒட்டிய நாலு ஜன்னலுக்கும் வெளியேயிருந்து வந்தது. தொடர்ந்து பீரங்கி. கண்ணாடி அதிர்ந்தது. ஸ்டீபன் மாமாவின் முகம் வெளிறிப்போயிற்று. ஆம்ப்ளிஃபயரைக் கொடியேற்றத்துக்காக ஏற்கெனவே தெரு ஸ்பீக்கர்களோடு பூட்டிவிட்டதை மறந்துபோயிருந்தார். அத்தனை நேரமும் ஓடியது கோழியே இல்லை. தப்பான நம்பரில் மாட்டிக்கொண்ட குட் மார்னிங்கின் முதல் துண்டு, கல்மண்டபத்திலிருந்து கோயில்வரை பன்னிரண்டு குழாயில் குட்குட்குட் என்று விக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

தாளைக் கிழித்து ஜன்னலைத் திறந்தோம். தெருவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் ஒருத்தர் கிளாஸிலும் டீ இறங்கவில்லை. மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா ஸ்பீக்கரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். காக்காய்கள் துறைமுகத்தைப் பார்த்துப் பறந்துகொண்டிருந்தன. மாமா ஜன்னலில் எக்கி, "மைக் டெஸ்டிங்! மைக் டெஸ்டிங்!" என்று கத்தினார். அதற்குப் பதில்போல இன்னொரு பீரங்கி வெடித்தது. அமலும் நானும் சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம். காவல் அதைப் பார்க்கிற நிலையில் இல்லை.

படியில் கனமான காலடி கேட்டது. டீக்கடையில் இருந்த நைனா வந்துகொண்டிருந்தார். தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டோம். வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றார்.

"எங்க, இன்னொரு தபா சொல்லச் சொல்லு."

மறுபடியும் போட்டேன். அட்மிரலுக்கு வணக்கம் தெரு முழுக்கக் கேட்டது. நைனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமல் பக்கம் திரும்பினார்.

"மணி நாலரை ஆவுது. இன்னாடா குட் மார்னிங்கு?"

"அது எப்பவும் அப்டித்தான் சொல்லும் அங்கிள். மணி தெரியாது அதுக்கு."

"அங்கிளு கிங்கிளு எல்லாம் வோணாம். மாமானு கூப்புடு. சாயங்காலம் கொடியேத்தம் முடிஞ்சதும் உங்கம்மாவ வூட்டுக்கு இட்டுகினு வா."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அமல் மறுபடியும் தரையில் உட்கார்ந்தார், இந்த முறை சிரித்துக்கொண்டே. செவ்வாய்க்கிழமை கப்பலேறினார். அடுத்த லீவில் எங்களுக்குக் கல்யாணம், மைக் செட் ஸ்டீபன் மாமா.

அன்றிலிருந்து நைனா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். அமல் ஒவ்வொரு முறையும் கப்பலிலிருந்து வந்து பெட்டியோடு வாசலில் நிற்கும்போது, உள்ளே நாற்காலியிலிருந்தே சத்தம் போடுவார்: "குட் மார்னிங் அட்மரலு!" வெயில் உச்சியில் வந்தாலும் அதேதான், விளக்கு வைத்த பிறகு வந்தாலும் அதேதான். "மணி பாருங்க மாமா," என்பார் அமல். "எனக்கு மணி தெரியாது," என்பார் நைனா. அதைக் கேட்ட பிறகுதான் அமல் பெட்டியைக் கீழே வைப்பார்.

அந்த மாடியில் இப்போது செல்போன் கடை. ஸ்டீபன் மாமாவின் குழாய் ஸ்பீக்கர்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன, மாமாவும் போய்விட்டார். பிளாப்பியைக் காட்டினால் மகள் டீ கிளாஸுக்கு அடியில் வைக்கிற கோஸ்டர் என்கிறாள். விளையாட்டு இப்போது என்னை ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. எனக்கோ பதில் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது, ஐந்து.

அமல் கப்பல் வேலையை முடித்துக்கொண்டு கடைசியாக வீடு திரும்பியது இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு மத்தியானம். நைனா போய் அப்போது நாலு மாதம். "வாங்க," என்றேன் நான். அவர் நைனாவின் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, பெட்டியைக் கீழே வைக்காமல், வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றிருந்தார்.