தன் கண்ணை நம்பாத காஞ்சனா

லாலாகுடா ரயில்வே காலனியில் கண்ணுக்கு இருக்கும் மரியாதை வேறெதற்கும் கிடையாது. மெடிக்கல் டெஸ்டில் கண் தேறினால்தான் ரயில்வே வேலை. அப்படிப்பட்ட இடத்தில், ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் சின்னசாமிக்கு மகளாகப் பிறந்த காஞ்சனா, போயும் போயும் கண்ணையா கெடுத்துக்கொள்வாள்?

கெடுத்துக்கொண்டாள். 2002-இல், பதினேழு வயதில், ப்ளஸ் டூ மாதிரியான இன்டர் பரீட்சை முடிந்த குஷியில், தோழி வீட்டு மாடியில் யாரோ நீட்டிய போதைக் காகிதத்தை நாக்கில் வைத்தாள். ஒரே ஒரு தடவைதான். போதை மறுநாளே இறங்கிவிட்டது, கண்ணில் வந்தது மட்டும் இறங்கவில்லை. சுவர் ஆடியது, எழுத்துகள் எறும்பாய் ஊர்ந்தன. கண் டாக்டர், "சிக்ஸ் பை சிக்ஸ், ரயிலே ஓட்டலாம்" என்று அனுப்பிவிட்டார். காகிதக் கதையைச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்! பயந்தாங்கொள்ளி வாயே திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அம்மா சாவித்ரியிடம் உண்மையைக் கக்கினாள். சாவித்ரி இரண்டு அறை விட்டாள், அழுதாள், பிறகு மனநல டாக்டரிடம் இழுத்துப்போனாள். சிலருக்கு அந்தப் போதை இப்படி மிச்சம் வைத்துவிட்டுப் போகும், குறையலாம், நாளாகும், இனி எதையும் தொடாதே என்றார் அவர். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு.

"அம்மா, சுவரு ஆடுதா?"

"இல்லடி, ஆடல. நீ இட்லியத் தின்னு."

அமீர்பேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் படித்தாள். 2006-இல் மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் ப்ரொபேஷன். ஆஸ்பத்திரிகளுக்கான சாஃப்ட்வேர். ஒரு நாள், நோயாளியின் ரத்த குரூப் காட்டும் கட்டத்தில் எழுத்து சட்டென்று மாறித் திரும்பியது. சனியன் பிடித்த கண் என்று இரண்டு நாள் விழுங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அப்படி விழுங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாஃப்ட்வேர் வெளியே போகிறது. அது நிஜமாக இருந்தால்? யாருக்கோ தப்பு ரத்தம் ஏறும். பொய்யாக இருந்தால் இவள் பைத்தியக்காரி, வேலையும் போச்சு. கேட்டுச் சரிபார்க்க இங்கே அம்மாவும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போக, இவள் மட்டும் உட்கார்ந்து திரையைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தாள். முப்பதுக்கும் மேல். அத்தனையையும் ப்ரிண்ட் போட்டு, சாப்பிட்டுவிட்டு வந்த பக்கத்து சீட் வர்ஷினியின் கையில் திணித்தாள்.

"ஒண்ணும் கேக்காத. ரத்த குரூப்ப மட்டும் சத்தமா படி."

"பி பாசிடிவ்... பி பாசிடிவ்... பி... ஹே, இதுல ஓ பாசிடிவ்! ஒரே பேஷண்ட்தானடி?"

அப்பாடா! காஞ்சனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கண் நிஜம் பேசியிருந்தது.

காகிதங்களைப் பார்த்த டீம் லீட் திருநாவுக்கரசு, வெள்ளிக்கிழமை ரிலீஸை அங்கேயே நிறுத்தினார். "எட்டுப் பேரு பாத்தோம், எவனுக்கும் தெரியலையே. ஒனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

சும்மா சமாளித்திருக்கலாம். காஞ்சனா நிமிர்ந்து நின்று, அன்று தோழி வீட்டு மாடியில் நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். "என் கண்ணு பொய் சொல்லும் சார். அதனால ரெண்டாவது ஆளக் கேக்காம நான் எதையும் விடமாட்டேன்."

திருநாவுக்கரசு மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"நாங்கல்லாம் எங்க கண்ண நம்பித்தான் கோட்ட விட்டோம். ப்ரொபேஷன் முடிஞ்சுது போ. இனிமே நீ சரின்னு சொன்னாத்தான் எதுவும் வெளிய போகும்."

"அப்ப எனக்குன்னு தனியா ஒரு ப்ரிண்டர் வேணும் சார்" என்றாள் காஞ்சனா.

திங்கட்கிழமை ப்ரிண்டர் வந்து இறங்கியது.