சிங்கில் எரித்த வம்சம்

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு தகனினியில் எங்கள் தெருவுக்குள் பொலிஸ் வாகனம் ஒன்று வந்து நின்றது. மடித்த உடுப்புகளை மகளின் அறையில் வைப்பதற்காக நான் மேல்மாடிக்குப் போயிருந்தேன். யன்னலால் பார்த்தேன். இரண்டு பேர் இறங்கி முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதைத்தார்கள். சின்னப் புத்தகத்தில் எதையோ எழுதினார்கள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எங்கள் வீடு ஏழாவது.

திரும்பிப் பார்த்தேன். மகளின் கட்டிலில் அந்தக் கடதாசி விரிந்து கிடந்தது.

அடுத்த பத்து நிமிடத்தில் நான் செய்ததைச் சொல்ல முன்னர், அந்தக் கடதாசி எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

மகளுக்குப் பதினேழு வயது. பள்ளியில் கடைசி வருடம். வரலாற்றுப் பாடத்துக்குத் தானே தேடி ஒரு கட்டுரை எழுதவேண்டும். அவள் தன் நெருங்கிய தோழியின் குடும்பத்தைத் தெரிவு செய்தாள். அந்தப் பிள்ளை பலஸ்தீனப் பிள்ளை. அவர்களுடையது ஒரு காலத்தில் பலஸ்தீன மலைக்கிராமங்கள் பலவற்றை ஆண்ட வம்சம்.

"ஆண்டதெண்டால் என்ன, ராசாக்களோ?" என்று மனைவி கேட்டாள்.

"ராஜா இல்லை, அம்மா. டாக்ஸ் கலெக்டர்ஸ். பட் வித் அ காஸ்ல், கோட்டையோட," என்றாள் மகள்.

இரண்டு கிழமைக்கு முன்னர் மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கும் அவர்களின் வீட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தோழியின் தகப்பனுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். குவைத்தில் பொறியியலாளராக இருந்தவர். இங்கே தரை ஓடு விற்கும் கடையில் மேலாளர். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு அட்டைக் குழாயை எடுத்து, அதற்குள்ளிருந்து கடதாசியை உருவி, சாப்பாட்டு மேசையில் விரித்தார். மேசை போதவில்லை. வம்ச மரம். உண்மையாகவே ஒலிவ் மரமாக வரைந்திருந்தார்கள். அடியில் ஒரு பெயர், கிளை கிளையாக மகன்மார், ஒவ்வொரு இலைக்குள்ளும் பொடி எழுத்தில் அரபுப் பெயர். ஓரத்தில் மலைகளின் படம். அதில் கோட்டை வீடுகளைச் சிறிய சதுரங்களாகக் குறித்திருந்தார்கள். சில இலைகளின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.

முதல் பெயர் துருக்கிச் சுல்தானின் படையோடு வந்த ஒரு குதிரை வீரனுடையதாம். சம்பளத்துக்குப் பதிலாக மலையில் வரி எடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவனுடைய பேரர்கள் ஒரு மலை உச்சியில் கல்லால் வீடு கட்டினார்கள். வெளிச்சுவரில், குதிரையில் இருப்பவனின் தலைக்குக் கீழே ஒரு யன்னலும் கிடையாது. அப்படிப்பட்ட ஊர்களைச் சிம்மாசன ஊர் என்று சொல்வார்களாம். சுற்றியுள்ள கிராமங்களின் ஒலிவ் எண்ணெய் அந்த வீட்டு வாசலால்தான் பட்டினத்துக்குப் போகவேண்டும். பட்டினத்தில் அது சவர்க்காரமாகும். பட்டினத்தில் இன்னொரு வம்சம் இருந்தது. ஒரு வருடம் இவர்களுக்குள் பெண் எடுப்பார்கள், அடுத்த வருடம் வெட்டிக்கொள்வார்கள். எகிப்திலிருந்து படை வந்து இளம் ஆண்களைப் பட்டாளத்துக்குப் பிடித்தபோது இவர்கள் எதிர்த்து எழும்பினார்கள். கோட்டை வீட்டைப் பீரங்கி உடைத்தது. தலைவரின் தலை போனது. மிஞ்சியவர்கள் சில வருடம் ஒளித்திருந்து, திரும்பி வந்து, அதே கற்களை அடுக்கிக் கட்டினார்கள்.

"அங்கிள், உங்கட ஃபமிலி விவசாயிகளின்ர காணியை எடுத்ததா?" மகள் ஆங்கிலத்தில் நேராகவே கேட்டாள். எனக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போலிருந்தது.

அவர் சிரித்தார். "எடுத்தோம். எல்லாரும் இல்லை. ஆனால் எடுத்தோம்."

காணிகளைப் பதியச் சொல்லிச் சுல்தானின் ஆட்கள் வந்தபோது, விவசாயிகள் தங்கள் பெயரைக் கொடுக்கப் பயந்தார்களாம். பெயர் ஏட்டில் ஏறினால் வரி வரும், பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பார்கள் என்ற பயம். "அப்போது எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள்? பரவாயில்லை, எங்கள் பெயரில் எழுதுங்கள் என்றார்கள். பெரிய மனசு!" என்றார். தோழி கண்ணை உருட்டினாள். பிற்காலத்தில் அந்தக் காணியில் ஒரு பகுதியை அவர்களே விற்றார்கள், ஒரு பகுதியை ஆங்கிலேயர் எடுத்தார்கள், மிச்சத்தை யார் எடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அந்த விவசாயிகளை எனக்கு விளங்கியது. நானும் பெயர் கொடுத்திருக்கமாட்டேன்.

மகள் கடதாசியை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள். இலைகளின் பெயர்களைத் தோழியை வீடியோ ஃபோனில் வாசிக்கவைத்து எழுதவேண்டுமாம். அவர் கடதாசியைச் சுருட்டத் தொடங்கினார். இதுபோல முழுமையான பிரதி வேறு இல்லை. அம்மான் நகரில் இருக்கும் தமையனிடம் பழையது ஒன்று இருக்கிறது, அதில் பாதி இல்லை என்றார். அந்தத் தயக்கம் எனக்குக் கூச்சமாக இருந்தது. "நான் பொறுப்பு," என்று சொன்னேன். மகள் சொல்லவில்லை, நான் சொன்னேன். "வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே கொண்டுவந்து தருவேன்."

"ஒரு தகப்பன் சொன்னால் சரி," என்று அவர் குழாயை என் கையில்தான் தந்தார்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

பொலிஸ் மூன்றாவது வீட்டுக்கு வந்துவிட்டது. பகுத்தறிவுள்ள மனிதன் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். ஈஸ்ட் டாமாக்கியில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கி மூன்றரைக்கு வீட்டுக்கு வருபவன். இந்த நாட்டின் குடிமகன். ஆனால் வீடு வீடாகச் சீருடை வருவதை மேலேயிருந்து பார்த்தபோது என் கால்களுக்கு இருபது வயதாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ராணுவச் சுற்றிவளைப்பு வரும்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்களை ஒளிக்க முன்னர் கடதாசியை ஒழிக்கவேண்டும். கடிதம், படம், யாருடைய பெயராவது எழுதிய துண்டு, எல்லாம் அடுப்புக்குள் போகும். வரைபடம் இருந்தால் முதலில் அது. ஒரு நாள் அயல்வீட்டில் விளையாட்டுக் கழகத்தின் பெயர்ப் பட்டியலை மறந்துவிட்டார்கள். உதைபந்தாட்டக்காரர் பதினொரு பேரின் பெயர். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

முந்தின சனிக்கிழமைதான் மகள் தோழியோடு குயின் தெருவில் நடந்த பலஸ்தீன ஆதரவு ஊர்வலத்துக்குப் போய்வந்திருந்தாள். படம் எடுத்துப் போட்டிருந்தாள். அதை எடுக்கச் சொல்லி நான் சண்டை பிடித்திருந்தேன். இப்போது அவளுடைய கட்டிலில் அரபுப் பெயர்கள், கோட்டை குறித்த வரைபடம், சிவப்புப் புள்ளிகள்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கடதாசியைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடினேன். எங்கள் வீட்டில் மின் அடுப்பு. சாமித்தட்டில் இருந்த நெருப்புப்பெட்டியை எடுத்தேன். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது பற்றியது. தடித்த கடதாசி, இலகுவில் பிடிக்கவில்லை. கிழித்துக் கிழித்துக் குசினிச் சிங்கில் போட்டேன். மலைப்படம் இருந்த ஓரத்தைத்தான் முதலில் எரித்தேன். பிறகு கிளைகள். புகை அலாரம் அலறத் தொடங்கியது. தண்ணீரைத் திறந்து, சாப்பாட்டு மிச்சம் அரைக்கும் பொறியைப் போட்டு, எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். கதிரையில் ஏறித் துவாயால் அலாரத்துக்கு விசிறிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். இளம் பொலிஸ் பெண்ணும் அவளைவிட இளமையான ஒருவனும்.

"ஹாய். குழப்பிறதுக்கு மன்னிக்கவேணும். ரெண்டு வீடு தள்ளி நேற்று ஒரு யூட், பிக்கப் வாகனம், களவு போயிருக்கு. உங்கட கதவுக் கமராவில ஏதும் பதிவாகியிருக்குமா?"

"யூட்டா?"

"ஓம், வெள்ளை யூட்." அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "எல்லாம் ஓகேயா? ஏதோ கருகுது."

"டோஸ்ட்," என்றேன்.

"என்ர ஆளும் அப்பிடித்தான். ரெண்டு நிமிஷம் விட்டால் வீடு போயிடும்." சிரித்துக்கொண்டு ஒரு அட்டையைத் தந்தாள். எட்டாவது வீட்டுக்குப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டுப் படியில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே வெறும் குழாய் கிடந்தது.

மகள் ஐந்து மணிக்கு வந்தாள். பையைப் போட்டுவிட்டு மேலே போனாள். அவளுடைய காலடிகள் அறைக்குள் சுற்றுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து, "அப்பா, ரியூப் வெறுமையாக் கிடக்கு, அந்தப் பேப்பரைப் பத்திரமா எடுத்து வச்சீங்களா? தாங்க் யூ. எங்க வச்சிருக்கிறீங்கள்?" என்றாள்.

நன்றி சொன்னதுதான் என்னை உடைத்தது. சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், நான் பகிடி விடுகிறேன் என்று. பிறகு சிங்கைப் போய்ப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்: "அவங்க யூட்டைத் தேடித்தானே வந்தாங்க?"

"எனக்குத் தெரியாதே."

"கேட்டிருக்கலாமே! கதவைத் திறந்து கேட்டிருக்கலாமே!"

அந்தக் கேள்விக்கு நான் வளர்ந்த ஊரில் பதில் இருந்தது. தகனினியில் இல்லை.

மனைவி மருந்துக்கடையில் ஆறு மணிவரை வேலை. ஃபோனில் விசயத்தைக் கேட்டதும் அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "எரிச்சதெண்டு சொல்லாதேங்கோ," என்றாள். "தண்ணிக் குழாய் லீக் ஆகி நனைஞ்சு போச்செண்டு சொல்லுங்கோ. தண்ணியெண்டால் மனுசர் மன்னிப்பினம். நெருப்பெண்டால் வேற மாதிரி நினைப்பினம்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்த நாட்களில் ஒரு பலஸ்தீனரிடம் போய், உங்கள் குடும்பத்தின் பெயர்களை நான் எரித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பொய்யை வாயால் ஒத்திகை பார்த்துக்கொண்டு ஃபோனைக் கையில் எடுத்தேன்.

மகள் எதிரே வந்து நின்றாள். "நீங்க பொய் சொன்னா, நான் அவளுக்கு உண்மையைச் சொல்லுவன். பிறகு உங்களோட கதைக்கமாட்டன். நான் சீரியஸ், அப்பா." அவள் இதையெல்லாம் தமிழில் சொன்னாள். வழக்கமாகக் கோபம் வந்தால் தமிழ் வராது அவளுக்கு.

அவருக்கு அழைத்தேன். எரித்தேன் என்று சொன்னேன். பயந்து எரித்தேன் என்றும் சொன்னேன். மறுமுனையில் தொலைக்காட்சிச் செய்தியின் சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"என்ன மிச்சம்?" என்று கேட்டார்.

"ஒன்றுமில்லை. குழாய் மட்டும்."

"வீட்டில் இருங்கள். நான் வருகிறேன்."

வெள்ளிக்கிழமை நெடுஞ்சாலையில் மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து தகனினிக்கு ஒரு மணித்தியாலமும் எடுக்கும். மனைவி வந்து சேர்ந்தாள். யன்னல்களைத் திறந்துவிட்டாள். தேத்தண்ணி வைப்பதா, வைத்தால் அலட்சியமாக இருக்குமா என்று கேட்டாள். மகள் தன் ஃபோனில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுரைக்குத் தேவையான இடப்பக்கக் கிளைகளை மட்டும் படம் எடுத்து வைத்திருக்கிறாள். வலப்பக்கம் இல்லை. தோழி அவளுடைய அழைப்புகளை எடுக்கவில்லை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னர் கதவு மணி அடித்தது. அவர் தனியாக வந்திருந்தார். கோட் போட்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சிங்கைக் காட்டச் சொன்னார். அதைக் குனிந்து பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேசையில் வந்து இருந்தார். எங்களை இருக்கச் சொன்னதும் அவர்தான்.

அவர் ஆங்கிலத்தில் பேசியதை எனக்குக் கேட்ட விதமாக எழுதுகிறேன்.

"உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றிக் கவலை இல்லை, பிரதர். எங்களில் ஒவ்வொருவனுக்கும் தன் ஏழு தலைமுறைத் தகப்பன்மாரின் பெயர் பாடம். அம்மான், சிகாகோ, குவைத், எல்லாரிடமும் கேட்டு எழுதிவிடலாம். சிவப்புப் புள்ளி பார்த்தீர்களே, அவர்கள்தான் பிரச்சினை. அது ஆண் வாரிசு இல்லாமல் முடிந்துபோன கிளை. அவர்களைப் பாடம் சொல்ல யாரும் இல்லை. அவர்கள் அந்தக் கடதாசியில் மட்டும்தான் இருந்தார்கள்."

மனைவி கையால் வாயைப் பொத்தினாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதற்கு நான் வரவில்லை. எங்கள் வழக்கத்தில், பிழை செய்தவன்தான் ஆட்களோடு எங்கள் வாசலுக்கு வரவேண்டும். நான் உங்களிடம் வந்தது தெரிந்தால் தமையன் என்னைத் திட்டுவார். ஆனால் இன்றே செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு நீங்கள் வேறு மாதிரிச் சொல்வீர்கள்."

கோட் பையிலிருந்து ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"மரத்தின் ஒவ்வொரு பிரதியிலும், வேருக்குக் கீழே, முந்தைய பிரதிக்கு என்ன நடந்தது என்று எழுதுவோம். யாரால் போனது, ஏன் போனது. நீங்கள் எரித்ததில் என் பெரியப்பாவின் பெயர் இருந்தது; காணிச் சண்டையில் தம்பி முகத்துக்கு முன்னால் முந்தைய பிரதியைக் கிழித்தவர் அவர். அதற்கு முந்தியதில் மழை என்று இருந்ததாம், கூரையைத் திருத்தாத மருமகனின் பெயரோடு. எங்கள் ஆட்கள் நிறையப் பொய் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் யாரும் பொய் எழுதியதில்லை. விபத்து என்று நான் எழுதமாட்டேன்."

பேனாவைத் திறந்தார். என் மகளைப் பார்த்தார், பிறகு என்னை.

"உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள். பிறகு தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர், ஊர். பிறகு, அவசரமில்லை, யாருக்குப் பயந்தீர்கள் என்று சொல்லுங்கள்."