தம்பிக்குப் பட்ட கண்

தம்பிக்கு மூன்று மாதம் ஆனபோது எங்கள் வீட்டுச் சன்னல்களை அப்பா இழுத்து மூடிவிட்டார். மலேசியாவில், சுங்கை பெசார் வெயிலில் அது எப்படிப்பட்ட காரியம் என்று அங்கே குடியிருந்தவர்களுக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் காரணம் பக்கத்து ஊரான சபாக்கில் நடந்த ஒரு கல்யாணம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே அம்மா தம்பிக்குப் பால் கொடுத்தார். எதிரே இருந்த ஒரு பெண்மணி, "புள்ள என்னா இழுப்பு இழுக்குது பாரேன்" என்று வாய் நிறையச் சொல்லி வைத்தார். அந்த வாரமே தம்பிக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும் எடை ஏறவில்லை.

கண்தான் பட்டுவிட்டது என்று அப்பா முடிவு கட்டினார். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர் அவர். எஸ்டேட்டை விட்டு டவுனுக்கு வந்து பல காலம் ஆகியிருந்தது. மற்ற விஷயங்களில் நாகரிகமான மனிதர்தான். கண் விஷயத்தில் மட்டும் எஸ்டேட் லயத்து வீட்டைவிட்டு ஓரடி நகரவில்லை. பிள்ளை குடிக்கும்போது பிறத்தியார் பார்த்தால் பால் வற்றிப்போகும் என்று உறுதியாக நம்பினார். உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார். அதோடு விடாமல் சட்டமும் போட்டார். இனிமேல் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டுதான் பால். வெளியே போனால் புட்டி.

தம்பிக்கு இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. ரப்பர் காம்பை வாயில் வைத்தாலே துப்பினான். பசாரில் அவன் அழுதால் வாங்கியதை வாங்கியபடி போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவர வேண்டும். வந்து சேர்வதற்குள் அழுது களைத்துத் தூங்கிவிடுவான். அம்மாவின் சட்டை மட்டும் நனைந்திருக்கும். அப்போது எனக்கு எட்டு வயது. வாசலில் காவல் இருந்து, ஆள் வந்தால் குரல் கொடுப்பது என் உத்தியோகம். தபால்காரருக்குக்கூடக் குரல் கொடுத்தேன். கேட்டதும் அம்மா பதறிப்போய்ப் பாதியில் பிள்ளையை விலக்கிவிடுவார். கண்ணுக்குப் பயந்து குடும்பமே சேர்ந்து ஒரு பச்சைப் பிள்ளையைப் பட்டினி போட்டது.

மாதா மாதம் கிளினிக்கில் எடை பார்ப்பார்கள். அங்கிருந்த மிசி, அதாவது நர்ஸ், ஒரு மலாய்க்காரப் பெண். அடுத்த முறையும் தராசு முள் நகராவிட்டால் தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்று அம்மா சோற்றைத் தொடவில்லை.

அந்த அடுத்த முறையும் வந்தது. கிளினிக்கில் நல்ல கூட்டம். எங்களைக் கூப்பிடுவதற்குள் தம்பி வீறிட்டு அழ ஆரம்பித்தான்.

"லோரிக்குப் போயி குடு" என்றார் அப்பா.

அம்மா வெளியே வெயிலில் நின்ற லோரியைப் பார்த்தார். "அடுப்பு மாரி காயுது. எம்புள்ளைய வேக வைக்கச் சொல்றீங்களா? நா எங்கயும் போவல."

அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பேசியதோடு நிற்காமல், கூடத்தின் நடுப் பெஞ்சில் உட்கார்ந்து தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அழுகை சட்டென்று நின்றது. யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. மற்ற தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. என் பையில் இருந்த குடையை உருவி விரித்தார். பூனைப் படம் போட்ட ரோஸ் கலர் குடை. அதை முதுகுப் பக்கம் சாய்த்து அம்மாவை மறைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். மீசைக்கார ஆள் ஒருவர் கூரைக்குக் கீழே பூனைக் குடையோடு நின்றால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? மொத்தக் கூடமும் திரும்பியது. சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அப்பா பதிலுக்குக் கண்ணை உருட்டி நாக்கை நீட்டினார். நான் மெல்ல நழுவி, ஒரு மலாய்க் குடும்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

மிசி வெளியே வந்து, கூரைக்குள் மழையா என்று மலாயில் கேட்டார். அப்பா அசடு வழிந்தார். குடையை மட்டும் இறக்கவில்லை. மிசி அம்மாவிடம் குனிந்து, பசிக்கும்போதெல்லாம் கொடு, எந்த இடமாக இருந்தாலும் கொடு என்றார்.

தம்பி வயிறு முட்டக் குடித்த பிறகு தராசில் போட்டார்கள். முள் நகர்ந்தது. அத்தனை பால் குடித்த பிள்ளை முள்ளை நகர்த்தாமல் என்ன செய்யும்? அது மிசிக்கும் தெரிந்திருக்கும். ஒரு வாரம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அப்பாவோ எல்லாம் குடையின் மகிமை என்று நம்பிவிட்டார். நல்லதாகப் போயிற்று. அதன் பிறகு பசாரிலும் பஸ் நிலையத்திலும் தம்பிக்குப் பசித்த இடத்தில் பால் கிடைத்தது. அப்பா முன்னால் குடையோடு நின்றார். எடை ஏறியது. ஆஸ்பத்திரிப் பேச்சும் அடங்கியது. நான் மட்டும் தள்ளியே நின்றேன். அம்மா பால் கொடுப்பது அப்பாவுக்கு வெட்கம் என்று நினைத்து, அவர்மேல் கோபமாகக்கூட இருந்தேன்.

போன வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் என் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கப்பாவுக்கு என்னா வெக்கம்? கட்டுற வீட்டுக்கு முன்னால பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சி தொங்க வுடுவாங்கல்ல, அந்த மாரி நின்னாருலா. கண்ணு பட்டா எம்மேல படட்டும், புள்ளைய வுட்டுடணும்னு."

எல்லாரும் அப்பாவையே பார்க்கிறார்களே என்று நான் அன்று கூனிக்குறுகிக் கிடந்தேன். அவர்களை அப்படிப் பார்க்க வைக்கத்தான் அவர் அந்தப் பாடு பட்டார் என்பது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.