வில்பர்ன் குபேனா விட்டுப்போன நாற்காலி

எங்கள் ஊர் நடனக் கொட்டகையில் பாட்டு பிடித்தால் ஜோடி ஜோடியாக எழுந்து வட்டமடித்து ஆடுவோம். பிடிக்காவிட்டால் உட்கார்ந்து பீர் குடிப்போம். டெக்சாஸில் இதைவிட நேர்மையான விமர்சனம் கிடையாது.

அங்கே எல்ராய் ஜாண்டாவின் குழுவில் முப்பது வருடம் பெடல் ஸ்டீல் கிடார் என்கிற, மேசைபோல் முன்னால் வைத்து உட்கார்ந்தே வாசிக்கும் கிடாரை வாசித்தவர் வில்பர்ன் குபேனா. வாரநாட்களில் தீவன ஆலையில் மூட்டை ஏற்றுவார். சனிக்கிழமை சாயங்காலம் மேடை நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவர் ஒரு ஆள்.

போன வருடம் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நான்கு ராக் பிரபலங்கள் வந்து இறங்கினார்கள். காலமெல்லாம் மேடையில் கிடாரை உடைத்தவர்களுக்குத் திடீரென்று மண்வாசனை தேவைப்பட்டது. 'துருப்பிடித்த லாடங்கள்' என்று பேர் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பாட்டான கன்ட்ரி பாட ஆரம்பித்தார்கள். தொப்பி புதுசு, பூட்ஸ் புதுசு; சோகம் மட்டும் யாரோ போட்டுக் கழற்றியது. கூட ஒரு அசல் ஆள் வேண்டுமென்று வில்பர்னைக் கூப்பிட்டார்கள்.

"போறதுன்னா போ. உன் நாற்காலிக்கு என்னால காவல் இருக்க முடியாது" என்றார் ஜாண்டா.

வில்பர்ன் போனார்.

முதல் கச்சேரி எங்கள் கொட்டகையிலேயே. பாடகர் எல்லோரையும் மேடைப்பக்கம் வரச் சொன்னார். நகரத்து ரசிகர்கள் ஆடும் தரை முழுக்க நின்று செல்போனைத் தூக்கினார்கள். எங்களுக்கு அது சாப்பாட்டு மேசைமேல் ஏறி நிற்பதற்குச் சமம். ஒரு சனிக்கிழமைகூட விடாமல் ஆடுகிற, அன்று தங்கள் கல்யாண நாளுக்கு ஆட வந்த ஹெர்மனும் மனைவியும் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். தரையை ஆடுகிறவர்களுக்கு விடச் சொல்லிப் பாடகரின் காதில் வில்பர்ன் ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்; போடவில்லை. புது இடம் போய்விடுமோ என்று குனிந்து வாசித்தார்.

அது எப்படியும் போயிற்று. குளிர்காலம் வருவதற்குள் நால்வருக்கும் மண் அலுத்துவிட்டது. பழைய ராக் குழுவுக்கே திரும்பிவிட்டார்கள். வில்பர்னுக்கு விஷயம் ரேடியோ சொல்லித்தான் தெரியும்.

பழைய இடத்தைக் கேட்டு ஜாண்டாவிடம் போனார். நாற்காலியில் ஜாண்டாவின் மருமகன்.

"என்னைக் கேக்காத, கீழ ஆடுறவங்களக் கேளு. ஹெர்மனைக் கேளு" என்றார் ஜாண்டா.

கேட்டார்.

"பாட்டு நல்லா இல்லன்னா நாங்களா உக்காருவோம். அன்னிக்கு எங்கள உக்கார வச்சாங்க. நீ மேலருந்து பாத்துக்கிட்டுதானப்பா இருந்த?" என்றார் ஹெர்மன். அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை வில்பர்ன் மனைவி ஆர்லீனோடு முதல்முறையாகக் கீழே வந்து நின்றார். ஆட்டம் வரவில்லை. இரண்டு தடவை அவள் காலை மிதித்தார்.

"முப்பது வருஷமா நீ மேல இருந்த. நான் மத்தவங்களோட ஆடிப் பழகிட்டேன்" என்றாள் ஆர்லீன். கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு வட்டத்துக்குள் போய்விட்டாள்.

மருமகன் வாசிப்பு சுமார்தான். ஆனாலும் ஆடுகிறவர்கள் கூட்டத்தில் தரையில் கால்வைக்க இடமில்லை.