வாயால் ஓடிய ஜெட் இன்ஜின்

ஒரே விளக்கத்தை ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லிப் பிழைக்கிறவர்களே, நீங்களெல்லாம் என் சொந்தக்காரர்கள். பி.யூ.சி. லீவில், பெங்களூர் அறிவியல் காட்சிக்கூடம் ஒன்றில், குறுக்கே வெட்டி வைத்த ஜெட் இன்ஜின் பக்கத்தில் நின்று நானும் அதைத்தான் செய்தேன்.

மோட்டார் செத்த நாள்

பட்டனை அமுக்கினால் இன்ஜினின் விசிறி சுற்ற வேண்டும். முதல் வாரமே அதைச் சுழற்றும் மோட்டார் போய்விட்டது. ஒரு பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கிறது. நான் பின்னால் ஒளிந்துகொண்டு வாயாலேயே இன்ஜினை ஓட்டினேன்: மெல்லிய விசில், அப்புறம் சீறல், கடைசியில் முழக்கம். அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். இரண்டு வருஷம் முன்னால் அம்மா நர்ஸ் வேலைக்கு மஸ்கட் கிளம்பிய அன்று, ஏர்போர்ட் வேலியைப் பிடித்துக்கொண்டு அது தேயும்வரை கேட்டிருக்கிறேன்.

மேற்பார்வையாளர் ராமண்ணா சார் ஓடிவந்து சுவிட்சைத் தேடினார். என்னைக் கண்டுபிடித்ததும் தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "ஸ்டெல்லா, ரிப்பேர் ஆளு வர்ற வரைக்கும் உனக்கு லீவே இல்ல கணம்மா."

பையும் நாற்காலியும்

பின்னால் வரும் காற்று வெளிக்காற்றை உதைப்பதால்தான் விமானம் போகிறது என்று வருகிறவர்களெல்லாம் சாதிப்பார்கள். உண்மையில், இன்ஜின் காற்றை உள்ளே இழுத்து, அழுத்தி, எரிபொருள் சேர்த்துக் கொளுத்தி, பின்னால் வேகமாக எறிகிறது. எறிவதாலேயே தானும் முன்னால் தள்ளப்படுகிறது. இதைக் காட்ட, சாரின் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பையனின் புத்தகப் பையை வாங்கிப் பின்பக்கம் வீசினேன். பை பின்னால் போனது, நான் முன்னால் உருண்டேன். "இதுதான் உந்துவிசை, அர்த்த ஆயித்தா?" என்று, புரிந்ததா என்பதற்குச் சார் சொல்லும் கன்னடத்தை அவர் குரலிலேயே சொல்லி முடித்தேன். பையன் பையைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "முன்னால போனது நீங்க, கொட்டினது என் தயிர்சாதமா அக்கா?"

ஞாயிற்றுக்கிழமை போன்

இறங்கும்போதும் இன்ஜின் ஒரு தடவை உறுமும் என்பது சார் சொல்லித்தான் தெரியும். சக்கரம் தரையைத் தொட்டதும், பின்னால் போகிற காற்றை மடக்கி முன்பக்கம் திருப்பிவிடுவார்களாம்; அந்தத் தள்ளல் விமானத்தின் ஓட்டத்தைக் குறைக்குமாம். அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. வழியனுப்ப மட்டும்தான் ஏர்போர்ட் போயிருக்கிறேன்.

ஞாயிறுதோறும் கீழ்வீட்டு போனுக்கு அம்மா மஸ்கட்டிலிருந்து கூப்பிடுவாள். "கிறிஸ்துமஸுக்கு வர்றியாம்மா?" என்றால் "லீவு கேட்டிருக்கேன்" என்பாள், போன வருஷமும் அதையேதான் சொன்னாள். அந்தக் குரலும் எனக்கு அச்சாக வரும், அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். இந்தத் தடவை நான் ஒன்றும் கேட்கவில்லை. போனிலேயே இன்ஜினை ஓட்டிக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "கிளம்புற சத்தம் போதும்டி. இறங்குற சத்தத்தைப் பழகி வை."

அன்றிலிருந்து காக்ஸ் டவுனில் எங்கள் மாடியில் தினமும் ஒரு விமானம் இறங்குகிறது. ஆள்தான் இன்னும் இறங்கவில்லை.