வாசம் தெரியுதா?

போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஓர் அதிசயம் கண்டேன். ஆறு பேர் கொண்ட குடும்பம். மாஸ்க் ஒன்றே ஒன்று!

எப்படிச் சமாளித்தார்கள் என்கிறீர்களா? மெயின் அருவிக்குப் போகிற வழியில் கயிறு கட்டி ஒரு போலீஸ்காரர் நிற்கிறார். மாஸ்க் இல்லாமல் உள்ளே விடமாட்டார். முதலில் அப்பா மாஸ்க் போட்டுக்கொண்டு கயிற்றைத் தாண்டினார். தாண்டியதும் கழற்றிச் சுருட்டி, இந்தப் பக்கம் நின்ற மனைவியிடம் எறிந்தார். அந்தம்மாள் போட்டுக்கொண்டு தாண்டி, மகனுக்கு எறிந்தார். இப்படியே கடைசி ஆள் வரைக்கும். போலீஸ்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "எல்லாரும் போட்டாச்சுல்லா?" என்று கடைசியில் ஒரு கேள்வி வேறு கேட்டுக்கொண்டார்.

மாஸ்க் எதற்கு என்று நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். போலீசுக்கு! ஹெல்மெட் மாதிரி. கிருமி கண்ணுக்குத் தெரியாது... போலீஸ் தெரியுமே.

சாரல் காலம் முழுக்க மூடி வைத்திருந்துவிட்டு, இப்போதுதான் அருவியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பத்துப் பத்துப் பேராக இடைவெளி விட்டுக் குளியுங்கள் என்று மைக்கில் கெஞ்சுகிறார்கள். அந்த மைக்குக்குக் கீழேயே ஒருத்தர் முதுகில் ஒருத்தர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தர் கொப்பளித்துத் துப்புவது இன்னொருத்தர் தோளில் விழுகிறது. கேட்டால், மூலிகைத் தண்ணீராம். "மலையில உள்ள அம்புட்டு மூலிகையையும் தொட்டுட்டு வருது. இதுல கொரோனா பொழைக்குமா?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். கேட்டுவிட்டு இருமினார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மச்சினன் சங்கர் — மனைவியின் தம்பி, சென்னையில் பெரிய கம்பெனியில் மேனேஜர் — சனிக்கிழமை காலை தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கினான். "ட்ரெயின்ல ஏசி அத்தான். ஒத்துக்கல" என்றான்.

நம்மில் யாருக்கும் கொரோனா வந்ததே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? ஏசி ஒத்துக்கொள்ளாது. ஐஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. தலைக்குக் குளித்தது ஒத்துக்கொள்ளாது. கொரோனாவெல்லாம் அடுத்த தெருக்காரர்களுக்கு வருவது.

ஞாயிறு காலை காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னக்கா, வெந்நி மாதிரி இருக்கு? வாசமே இல்லியே" என்றான். காபி அன்றைக்கு அருமையாகத்தான் இருந்தது. வாசம் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மனைவி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன். டெஸ்ட் எடுத்துவிடலாமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஆசையாக வந்திருக்கிற மச்சினனிடம் அதை எப்படிக் கேட்பது? அவன் முகம் சுண்டிப்போகும். அப்புறம் என் மாமியார் வீட்டில் ஒரு வருஷத்துக்கு அதே பேச்சாக இருக்கும். விட்டுவிட்டேன்.

அரை மணி நேரத்தில் நானும் சங்கரும் மட்டும் காரில் குற்றாலத்துக்குக் கிளம்பினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டான். ஒத்துக்கொள்ளாத அதே ஏசி!

அருவிக்கரையில் முருகையா அண்ணாச்சி இருக்கிறார். எனக்குப் பதினைந்து வருஷமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பலகைக்குப் பக்கத்தில் சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்திருந்தார். அத்தனை கூட்டத்தில் மாஸ்க்கை மூக்குக்கு மேலே போட்டிருந்தது அவர் ஒருத்தர்தான்.

"மக எட்டு மாசம் சார்" என்றார். "கல்யாணம் முடிஞ்சு ஏழு வருசத்துக்கு அப்புறம் உண்டாயிருக்கா. அவளுக்கு இழுப்பு வேற உண்டு. இந்தச் சீக்கு வந்தா தாங்க மாட்டா, சூதானமா இருங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ. வீடு ஒரே ரூம்பு. நான் கொண்டுட்டுப் போனா அவளுக்குத்தானே? தொழிலுக்கு வராமலும் முடியல. அதான், வாசம் தெரியுதான்னு கேட்டுட்டுத்தான் ஆளத் தொடுதேன்."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

விருந்தாளி முதலில் என்று சங்கர் பலகையில் உட்கார்ந்தான். "சளி, காய்ச்சல் ஏதும் உண்டா சார்?" என்று கேட்டார் முருகையா.

"நோ நோ. ரெண்டு ஊசியும் போட்டாச்சு. பாக்கறீங்களா?" என்று செல்போனில் சர்டிபிகேட்டைக் காட்டினான். காய்ச்சல் உண்டா என்று கேட்டால் சர்டிபிகேட் காட்டுவது... படித்தவர்களுக்கே வரும் பதில்.

அண்ணாச்சி அந்தப் பக்கம் திரும்பி உள்ளங்கையில் எதையோ ஊற்றினார். கையைக் குவித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினார். "வாசம் தெரியுதா? என்ன எண்ணென்னு சொல்லுங்க, பாப்போம்."

சங்கர் கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தான். "ஆஹா! நல்லெண்ணெய். செக்குல ஆட்டினது. வாசனையே தூக்குதே!"

முருகையா குவித்த கையை விரித்தார். பச்சைத் தண்ணீர். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மூக்கு நல்லாருக்கவன் ஒண்ணும் தெரியலியேன்னு சொல்லிருவான் சார். மூக்கு போனது தெரிஞ்சவந்தான் பயந்துக்கிட்டு ஆஹாம்பான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "எந்திரிங்க சார். ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஒரு மேனேஜருக்குக் கோபம் வருமா, வராதா? "எண்ணெய் தேய்க்கிறவரு எனக்கு டெஸ்ட் எடுக்கிறாரா?" என்று கத்திவிட்டு, விறுவிறுவென்று பத்தடி தள்ளியிருந்த அடுத்த பலகைக்குப் போய் உட்கார்ந்தான். அந்த ஆள் எண்ணெயை எடுத்தேவிட்டார்.

"ஏலே மாரியப்பா! அவரத் தொடாதலே! வாசம் தெரியல அவருக்கு!"

முருகையா போட்ட சத்தத்தில் அருவிச் சத்தமே அடங்கின மாதிரி இருந்தது. மாரியப்பன் கையை உதறிக்கொண்டு பின்னால் குதித்தார். அப்புறம் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அருவிக்குள் ஒட்டிக்கொண்டு நின்ற கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடியது. ஈரத் துண்டெல்லாம் மூக்குக்கு ஏறியது. மூலிகை பேசிய பெரியவர்தான் ஓட்டத்தில் முதல் ஆள். அந்த ஆறு பேர் குடும்பத்தில் ஒற்றை மாஸ்க்குக்கு இழுபறியே நடந்தது.

சங்கர் என்ன செய்தான் தெரியுமா? காலியாகக் கிடந்த அருவியில் போய் நின்று குளித்தான். "அத்தான்! கூட்டமே இல்ல, வாங்க!" என்று கையை வேறு ஆட்டினான்.

அவன் வெளியே வந்து தலை துவட்டுவதற்குள் கூட்டம் மறுபடியும் உள்ளே போய்விட்டது. அதே இடம், அதே நெருக்கம். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. இவர்களையெல்லாம் என்ன சொல்வது என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன். முருகையா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியாது அண்ணாச்சி" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்!

"சரி சார்" என்றார். சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். "இன்னைக்குப் போதும், வீட்டுக்குப் போறேன்" என்று பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் எடுபட்டுவிட்டதே என்று கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. சங்கருக்கு பாசிட்டிவ். எனக்கும். மனைவி தப்பித்தாள். நான் பின்கட்டு அறையில் கிடக்கிறேன். சாப்பாட்டுத் தட்டு கதவுக்கு வெளியே வந்து உட்காருகிறது. முன் அறையிலிருந்து சங்கர் போன் செய்து சொல்கிறான்: "அந்தக் கூட்டத்துல எவன்கிட்டயோ ஒட்டிக்கிச்சு அத்தான். ஜனங்களுக்குப் பொறுப்பே இல்ல!"

நேற்று மனசு கேட்காமல் முருகையாவைக் கூப்பிட்டேன். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லாருக்கா சார். எங்க யாருக்கும் ஒண்ணுமில்ல" என்றார்.

அப்பாடா என்று மூச்சு விட்டுவிட்டுச் சொன்னேன். "அண்ணாச்சி... அன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும். ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

"அது அப்பமே தெரியும் சார்."

"எப்படி?"

"தெரியாதவன்னா, தண்ணின்னு தெரிஞ்ச ஒடனே அய்யய்யோன்னு பதறியிருப்பான். அவரு கூட ஒரே கார்ல வந்தவருல்லா நீங்க? நீங்க பாட்டுக்குத் துண்ட மடிச்சிக்கிட்டு நின்னீய. அதான் பலகையத் தூக்கிட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

சென்னைக்காரனைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கை தண்ணீர் தேவைப்பட்டது. என்னைக் கண்டுபிடிக்க அதுவும் செலவாகவில்லை!