கேப்டன் வோல்கர் முதல் பந்தியில் உட்கார்ந்தார்

பகலவன் சென்னையில் ஆறு வருஷம் என்ன வேலை பார்த்தான் என்பது ஊரில் யாருக்கும் கடைசிவரை புரியவில்லை. அவனுடைய அப்பா ஐயாவு கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்து, ஜெயிலுக்கும் போய்வந்து, இன்று ஐந்து மா நிலத்துக்குச் சொந்தக்காரர். மகனை மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்க வைத்தவர், ஒரு பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது நேராகவே கேட்டுவிட்டார்.

"எஞ்சினியருன்னா பாலம் கட்டுவாங்க, மோட்டார் செய்வாங்க. நீ என்னதாம்ப்பா செய்யற?"

"ஒரு வீரன் இருக்கான்ப்பா. அவனை எட்டு மணி நேரம் சுவத்துல முட்ட விடுவேன். சுவத்துக்குள்ள பூந்துடுறானான்னு பார்க்கணும்."

ஐயாவு விடவில்லை. "பூந்துட்டா?"

"எழுதி அனுப்பணும்."

"அதுக்கா நாலு வருஷம் படிச்ச?"

விஷயம் இதுதான். வீடியோ கேம் விற்பனைக்கு வருவதற்கு முன்னால் அதில் என்னென்ன ஓட்டை இருக்கிறது என்று ஆடிப் பார்த்துச் சொல்லும் கம்பெனியில் அவனுக்கு வேலை. 'அயர்ன் ஆர்பிட்' என்று ஒரு கேம், ஐந்து பாகம் வந்திருந்தது. அதன் நாயகன் கேப்டன் வோல்கர். ஏழடி உயரம், உச்சி முதல் பாதம் வரை செம்பு நிறக் கவசம். வேற்றுக்கிரகத்துக்காரர்களை வண்டி வண்டியாகச் சுட்டுத் தள்ளி, பாகத்துக்கு ஒரு தடவை அண்டத்தைக் காப்பாற்றுவார். ஹெல்மெட்டை மட்டும் கழற்றவே மாட்டார். அவர் முகம் எப்படி இருக்கும் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். உண்மை பகலவனுக்குத் தெரியும். ஹெல்மெட்டுக்குள் ஒன்றும் கிடையாது. கம்பெனிக்காரர்கள் முகமே வரையவில்லை, வேலை மிச்சம் என்று.

இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். பீரங்கியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு நிற்கிற கேப்டன், இரண்டாம் பாகத்தில் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் செத்துப்போவார். பகலவன் அதை மூன்று முறை எழுதி அனுப்பினான். 'அப்படித்தான் இருக்கும்' என்று பதில் வந்தது. நடவு வயலில் இறங்கினால் பிணமாகிவிடுகிற ஆளை நம்பித்தான் அண்டம் இருந்தது.

ஒரு நாள் கம்பெனியை மூடினார்கள். அலுவலகத்தில் இருப்பதில் பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் சுழல் நாற்காலி எடுத்தார்கள், மானிட்டர் எடுத்தார்கள், ஒருத்தர் காபி மெஷினையே தூக்கிப் போனார். பகலவன், கண்காட்சிக்காகச் செய்து மூலையில் நிறுத்தியிருந்த கேப்டனின் கவசத்தை எடுத்துக்கொண்டான். ஆள் உள்ளே புகுந்து நடக்கலாம். பைபரால் செய்தது.

அம்மா நீலாம்பாள் வாசலில் வந்து இறங்கிய கவசத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஆறு வருஷ உழைப்புக்கு இதத்தான் குடுத்தானுங்களா?"

"நானாத்தாம்மா எடுத்துக்கிட்டேன்."

"அதத்தான் வெளிய சொல்லாத."

ஆனால் அந்தக் கவசத்துக்கும் ஒரு வேலை கிடைத்தது. மன்னார்குடியில் கல்யாணங்களுக்கு அலங்காரம் செய்துகொடுக்கும் அரசப்பன் என்பவரிடம் பொம்மை யானை ஒன்று இருந்தது. மண்டப வாசலில் நின்று காதாட்டி, தும்பிக்கையால் பன்னீர் தெளிக்கும். அது ரிப்பேர். பகலவனைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே தேடி வந்துவிட்டார். யானைக்குப் பதில் கவசத்தோடு வாசலில் நின்று கை குலுக்கி எல்லாரையும் வரவேற்க வேண்டும், பேசக் கூடாது, அவ்வளவுதான். யானையும் பேசாமல்தான் இருந்ததாம்.

நாலைந்து கல்யாணம் நன்றாகவே போயிற்று. அடுத்ததாக வந்தது துரைக்கண்ணு மகளின் கல்யாணம்.

துரைக்கண்ணு பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுக்காரர். அவர் வயலில்தான் ஐயாவு இருபது வருஷம் வேலை செய்தார். கூலி உயர்வு கேட்டு ஒரு அறுவடையை மூன்று நாள் நிறுத்தி வைத்ததும் அங்கேதான். துரைக்கண்ணு அதையெல்லாம் மறந்துவிட்டதாகப் பல மேடைகளில் நினைவுபடுத்தியிருக்கிறார். "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் கேள்வி. கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

"அந்த வீட்டுக் கல்யாணத்துக்கா போற?" என்றார் ஐயாவு.

"நான் எங்கப்பா போறேன்? கேப்டன்தான் போறாரு."

ஐயாவு சிரிக்கவில்லை.

வைகாசி வெயில். கவசத்துக்குள் பகலவன் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தான். வெளியே கேப்டனுக்கு ராஜ மரியாதை. பட்டுப்புடவைக்காரர்கள் வரிசையில் நின்று செல்பி எடுத்தார்கள். கைக்குழந்தைகளை அவன் தோளில் உட்கார வைத்தார்கள். துரைக்கண்ணு வந்து தோளில் கை போட்டு, "கேப்டன் நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரிங்க!" என்று வீடியோவைப் பார்த்துச் சொன்னார். கேப்டனும் மாப்பிள்ளை வீட்டாரும் முதல் பந்தியில் சேர்ந்து சாப்பிடுகிற மாதிரி எடுத்தால் பிரமாதமாக இருக்கும் என்று வீடியோக்காரர் யோசனை சொன்னார். துரைக்கண்ணுவே கையைப் பிடித்து அழைத்துப் போய், தன் பக்கத்து இலையில் உட்கார வைத்தார்.

"ஹெல்மெட்டக் கழட்டுங்க கேப்டன், சாப்பிடுங்க!"

பேசக் கூடாது என்பதுதான் நிபந்தனை, சாப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பசி வேறு. பகலவன் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

துரைக்கண்ணு அவன் முகத்தைப் பார்த்தார். "நீ... ஐயாவு மகன்ல?"

"ஆமாங்க."

அவர் கெட்ட வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அவ்வளவு பழங்காலத்து ஆள் இல்லை. "நல்லா சாப்பிடு தம்பி" என்று சொல்லிவிட்டு, பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டதாக எழுந்து போனார். அவருக்கு அடுத்து இருந்த மைத்துனருக்குக் கார் சாவி ஞாபகம் வந்தது. அதற்கடுத்த அம்மாளுக்குக் குழந்தை அழுதது. குழந்தை அவர் மடியிலேயே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. இப்படி ஒவ்வொருவருக்காக அவசரம் பரவிப் பரவி, ஐந்து நிமிஷத்தில் அந்த வரிசையில் பதினெட்டு இலைக்கு ஒரே ஆள்.

பகலவன் எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தான். முடியவில்லை. கவசத்தோடு கீழே உட்கார்ந்தாலும் சரி, நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி, தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். இருந்த பதினேழு பேரும் போய்விட்டார்கள். பரிமாறுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆள் குறைந்த வரிசையில் இருக்கிற ஒருத்தரை நன்றாகக் கவனிப்போம் என்று அவனுக்கே போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் கவளத்தை அவசரமாக அள்ளியதில் சாம்பார் கவசத்தில் சொட்டியது. ரசத்துக்கு வரும்போது நிதானம் வந்திருந்தது. பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினான்.

அரசப்பன் ஓடி வந்து, சமையல்காரர் ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டு தூக்கி நிறுத்தினார். "ஹெல்மெட்ட மாட்டுய்யா, மேடைக்குக் கூப்பிடுறாங்க."

"வேணாம்ண்ணே. இப்படியே வரேன்."

மேடையில் துரைக்கண்ணு சிரித்த முகத்தோடு பல்லைக் கடித்தார். "ஹெல்மெட்ட போட்டுக்க தம்பி. அப்பதான் போட்டோ எடுப்பா இருக்கும்."

"வேர்க்குதுங்கய்யா. முகத்தோடயே நிக்கிறேன்."

நிலைமையைக் காப்பாற்றியது, அல்லது கெடுத்தது, மாப்பிள்ளை அன்பரசன். அவன் காலேஜ் நாளிலிருந்து அயர்ன் ஆர்பிட் பைத்தியம். "அண்ணே, நீங்க விளையாடுவீங்களா? மூணாம் பாகத்துல பாலத்துக்கடியில ஒரு ரகசியக் கதவு இருக்கே?"

"அது கதவு இல்லீங்க. ஓட்டை. கண்டுபிடிச்சதே நான்தான்."

அவ்வளவுதான். மணப்பெண்ணைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு அன்பரசன் அவனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். உறவினர் கூட்டம் பரிசுப் பொட்டலங்களோடு காத்திருக்க, ரகசியக் கதவைப் பற்றி இருபது நிமிஷம் பேச்சு. போட்டோ பளிச் பளிச்சென்று விழுந்தது. எல்லாம் கேட்ட அன்பரசன் அவன் பெயரை மட்டும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அரசப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். அவர் போனில் கல்யாண ஆல்பத்தின் படங்கள் இருந்தன. மேடைப் படங்கள் எல்லாவற்றிலும் பகலவனின் தலைமேல் ஹெல்மெட்டை ஒட்டியிருந்தார்கள். "பெரியவர் சொல்லித்தான் செஞ்சாங்களாம். எனக்குத் தெரியாதுப்பா, சத்தியமா."

பகலவன் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். 'படம் ஏழு: ஹெல்மெட்டுக்குக் கீழே மீசை தெரிகிறது. படம் பன்னிரண்டு: கேப்டனின் கழுத்து பின்பக்கம் திரும்பியிருக்கிறது, உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. படம் பதினைந்து: கேப்டனுக்கு இரண்டு ஹெல்மெட், ஒன்று தலையில், ஒன்று கையில். படம் இருபது: ஹெல்மெட் தவறுதலாக மாப்பிள்ளையின் மாமாவுக்குப் போடப்பட்டுள்ளது.' மொத்தம் பதினொரு குறை. கீழே தன் முழுப் பெயரும், அப்பா பெயரும், ஊரும். துரைக்கண்ணுவின் வாட்சப்புக்கு அனுப்பினான். பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது.

அன்று சாயங்காலம் ஐயாவுவுக்கு அதைப் படித்துக் காட்டினான். மாமா படத்துக்கு வரும்போது, கல்யாணத்துக்குப் போன நாளிலிருந்து மகனிடம் முகம் கொடுத்துப் பேசாத ஐயாவு, புரைக்கேறும் வரை சிரித்தார்.

கவசத்தை அரசப்பனிடமே கொடுத்துவிட்டான். ஹெல்மெட்டை மட்டும் நீலாம்பாள் விடவில்லை. அதில் வைக்கோல் போட்டுக் கோழியை அடைக்கு வைத்தார். ஒன்பது குஞ்சு பொரித்தது. ஹெல்மெட்டுக்குள் முதல் தடவையாக உயிர் இருந்தது அப்போதுதான்.

அவனுடைய அக்கா எழில்மொழி திருத்துறைப்பூண்டியில் வேளாண் அலுவலகத்தில் இருந்தார். வயலுக்கு ட்ரோனில் மருந்தடிக்கும் பயிற்சிக்கு விண்ணப்பம் போடச் சொன்னது அவர்தான். ஆறு வருஷம் கட்டை விரலால் பிழைத்தவனுக்கு அது இரண்டே நாளில் பிடிபட்டது. இப்போது சொந்தமாக ட்ரோன் வைத்திருக்கிறான். குறுவை, சம்பா இரண்டு பட்டத்திலும் அவனுக்கு ஓய்வே இல்லை.

போன சம்பாவில் துரைக்கண்ணு வீட்டுக் கணக்கப்பிள்ளை போன் செய்தார். பயிரில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருந்தது. முன்னால் சொல்லிவைத்தவர்களின் வயல்களை முடித்துவிட்டு, முறைப்படி நாலாம் நாள் காலையில் பகலவன் போனான். துரைக்கண்ணு வரப்பில் இரண்டு விருந்தாளிகளோடு நின்றார்.

"நம்ம பையன்தாங்க இவன்" என்றார் அவர்களிடம். "எங்க வீட்டுக் கல்யாணத்துல மேடை ஏத்தி விட்டதே நான்தான். இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?"

பகலவன் மருந்துத் தொட்டியை நிரப்பி, மூடியைத் திருகி, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டான். ட்ரோனின் இறக்கைகள் சுற்ற ஆரம்பித்தன.

"ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கமா தள்ளி நில்லுங்க" என்றான். "இன்னும். இன்னும் தள்ளி. மேல பட்டுடும்."

துரைக்கண்ணு வேட்டியை மடித்துக்கொண்டு, விருந்தாளிகளோடு வாய்க்கால் வரைக்கும் தள்ளிப் போனார்.